புகைபோக்கிக்குத் தொலைவில் இருப்பவர்களுக்காக எழுதப்படும் பதிவுகள்

எங்கள் ஒழுங்கையில் வளர்ந்த இளைஞன் ஒருவன், மழைக்கால மாலை ஒன்றில் கைபேசியுடன் என்னைத் தேடி வந்தான். யாழ்ப்பாணத்துச் செய்திகளையும் கோவில் திருவிழாக்களையும் காணொளியாக்கிப் பதிவிடுகிறவன். புலம்பெயர்ந்த நம்மவர்கள் பலர் அவனுடைய பக்கத்தில்தான் ஊரைப் பார்க்கிறார்கள். விளம்பர முகவர் ஒருவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைக் காட்டி, "அண்ணை, இதைச் செய்யலாமா?" என்று கேட்டான்.

வெளி மாவட்டம் ஒன்றில் வரவிருக்கும் மின் திட்டம் பற்றி மூன்று பதிவுகள் வேண்டும். கூலி, அவன் கடை அறைக்குக் கட்டும் மாத வாடகையைவிட அதிகம். "உங்கள் சொந்த நடையில் இருக்கட்டும். படங்களை நாங்கள் தருகிறோம். நிறுவனத்தின் பெயரோ எங்கள் பெயரோ வரக்கூடாது. மின்சாரம் இல்லாத காலத்தில் உங்கள் குடும்பம் பட்ட கஷ்டத்தோடு தொடங்கினால் நல்லது." இணைக்கப்பட்டிருந்த படத்தில் நீல வானம், அதன் கீழே புகையே இல்லாத புகைபோக்கி.

அது எந்தத் திட்டம், யாருடைய நிறுவனம் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அந்தச் செய்தியின் கடைசி வசனம்தான் என்னை நிறுத்தியது. மின்சாரம் இல்லாத காலத்தின் கஷ்டம். அந்த வசனத்தை எழுதியவருக்கு யாழ்ப்பாணத்தை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

1990இல் போர் மீண்டும் மூண்டபோது லக்சபான மின்சாரம் எங்களை விட்டுப் போனது. தேசிய மின்தொகுப்புக்கு இங்கே அப்படித்தான் பெயர். இன்றைக்கும் மூத்தவர்கள் 'லக்சபான கரண்ட்' என்றுதான் சொல்வார்கள். அதன் பிறகு வீட்டுக்கு வீடு ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, சின்னஞ்சிறு சுடரில் பிள்ளைகள் சோதனைக்குப் படித்தார்கள். பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் தங்கம்போல் ஆகியிருந்த காலம் அது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றுவார் ஒருவர். டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலிச் செய்தியைச் சுற்றியிருந்து கேட்போம். சுற்றுகிறவரின் கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும். போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்தே தேசிய மின்தொகுப்பு சுன்னாகம் வரை மீண்டும் வந்தது. இருட்டில் படித்த தலைமுறையிடம் போய் 'மின்சாரம் வேண்டாம்' என்று யாரும் சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை.

அந்த நினைவைத்தான் முகவர் விலைக்குக் கேட்டார்.

பணம் கொடுத்து எழுதுவிக்கும் மின் திட்டப் பதிவுகள் யாருக்காக எழுதப்படுகின்றன என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். மின் நிலையம் வரப்போகும் கிராமத்துக்காக அவை எழுதப்படுவதில்லை. அந்தக் கிராமத்தவருக்குத் தங்கள் காணி எங்கே இருக்கிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரியும். நல்ல வார்த்தைகளால் அவர்களை அசைப்பது கடினம். பதிவுகள் குறிவைப்பது தொலைவில் இருக்கும் எங்களைப் போன்றவர்களை. வெளிச்சம் எங்களுக்கு வரும், சாம்பல் அவர்களுக்குப் போகும். எங்களுடைய பெரும்பான்மை விருப்பத்தைக் காட்டி அவர்களுடைய எதிர்ப்பை 'அபிவிருத்திக்குத் தடை' என்று ஆக்கிவிடலாம். அதற்குத் தேவை, நாங்கள் நம்பும் ஒரு முகம். நிறுவனத்தின் விளம்பரத்தைப் பார்த்தால் விளம்பரம் என்றே எடுத்துக்கொள்வோம். திருவிழாவைக் காட்டிய தம்பி சொன்னால் கேட்டுக்கொள்வோம்.

பணம் வரும் வழியும் எளிமையானதுதான். நிறுவனம் ஒரு மக்கள் தொடர்பு நிறுவனத்தை அமர்த்துகிறது. அது இன்னொரு முகவரை அமர்த்துகிறது. அவர் பக்கம் நடத்துகிறவர்களைத் தேடிப் போகிறார். ஒவ்வொரு படியிலும் ஒரு பெயர் கழன்று விழுகிறது. கடைசியில் எழுதுகிறவருக்கு முதலில் பணம் போட்டவர் யார் என்பதே தெரியாமல் போகலாம். பிடிபட்டால், 'நாங்கள் யாரையும் எழுதச் சொல்லவில்லை' என்று மேலே இருப்பவர் சொல்லிவிடலாம்.

இது என் ஊகம் இல்லை. அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் நடந்தது ஆவணமாகவே இருக்கிறது. அங்கே என்டர்ஜி என்ற மின் நிறுவனம் 128 மெகாவாட் எரிவாயு மின் நிலையம் ஒன்றைக் கட்ட நகர சபையின் அனுமதியைக் கேட்டது. 2017 ஒக்டோபரிலும் 2018 பெப்ரவரியிலும் நடந்த பொது விசாரணைகளில் ஒரே நிறச் சட்டை அணிந்த கூட்டம் ஆதரவாக வந்து உட்கார்ந்தது. உண்மையான எதிர்ப்பாளர்கள் சிலருக்கு உள்ளே இடம் கிடைக்கவில்லை. பின்னர் உள்ளூர்ச் செய்தி நிறுவனம் ஒன்று தோண்டியபோது, வந்தவர்களில் பலர் கூலிக்கு அமர்த்தப்பட்ட நடிகர்கள் என்று தெரிந்தது. வந்து உட்கார 60 டொலர், எழுந்து பேச 200 டொலர். வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்தும் வாங்கப்பட்டிருந்தது. என்டர்ஜி தனக்குத் தெரியாது என்றது. அது அமர்த்தியது ஹோதோர்ன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனத்தை. நடிகர்களைப் பிடித்தது அதற்குக் கீழே இருந்த இன்னொரு நிறுவனம். நகர சபை அமைத்த விசாரணை, என்டர்ஜிக்குத் தெரிந்திருந்தது அல்லது தெரிந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தது. 50 இலட்சம் டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. ஆனால் அனுமதி இரத்தாகவில்லை. 2020இல் அந்த மின் நிலையம் இயங்கத் தொடங்கிவிட்டது.

இதே ஹோதோர்ன் நிறுவனத்தின் பெயர் 2009ஆம் ஆண்டு நிலக்கரி விவகாரம் ஒன்றிலும் இருக்கிறது. அமெரிக்கக் காங்கிரசில் காலநிலைச் சட்டமூலம் ஒன்று வாக்கெடுப்புக்கு வந்தபோது, நிலக்கரித் துறையின் கூட்டமைப்பு ஒன்று ஹோதோர்ன் ஊடாகத் தன் நிலைப்பாட்டுக்கு ஆதரவு திரட்டியது. வேலை அங்கிருந்து இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாறியது. அந்த நிறுவனத்திலிருந்து காங்கிரஸ் உறுப்பினர்களுக்குப் போன கடிதங்களில் பத்துக்கும் மேற்பட்டவை போலி. வேர்ஜீனியாவில் ஸ்பானிய மொழி பேசும் மக்களின் சிறு அமைப்பு ஒன்றின் பெயரிலும், கறுப்பின மக்களின் உரிமை அமைப்பின் உள்ளூர்க் கிளை ஒன்றின் பெயரிலும் கடிதத்தாள்களை உருவாக்கி, அவர்கள் எழுதாத கடிதங்களை எழுதியிருந்தார்கள். இதில் என்னை உறுத்துவது, களவாடுவதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த பெயர்கள். ஏழைகளின் வாயில் சொற்களை வைத்தால் அவற்றுக்கு மதிப்பு அதிகம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்தது, பதிவுகளில் வரும் சொற்கள். 'தூய நிலக்கரி' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பீபொடி என்ற அமெரிக்க நிலக்கரி நிறுவனத்தின் விளம்பரத்தில் அந்தச் சொல் வந்தபோது, பிரித்தானியாவின் விளம்பரத் தரநிலை அமைப்பு 2014இல் அது வாசகரைத் தவறாக வழிநடத்துகிறது என்று தீர்மானித்தது. புதிய தொழில்நுட்பம் எதுவும் செய்வதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. நீராவியை மிக உயர்ந்த அழுத்தத்தில் ஓட்டும் நவீன கொதிகலன்கள், ஒரு அலகு மின்சாரத்துக்குக் குறைந்த அளவு நிலக்கரியை எரிக்கும். மின்னேற்றிய தகடுகள் புகையிலிருந்து சாம்பலின் பெரும் பகுதியைப் பிடித்துவிடும். கடல்நீரால் கழுவிக் கந்தகவீரொட்சைட்டைக் குறைக்கலாம். ஆனால் பிடித்த சாம்பல் மறைந்துபோவதில்லை, எங்கேயோ குவிய வேண்டும். அதில் ஆசனிக்கு, ஈயம், இரசம் ஆகியவற்றின் எச்சங்கள் இருக்கும். கழுவிய நீர் கடலுக்கே திரும்பும். ஒரு தொன் நல்ல நிலக்கரி எரிந்தால் இரண்டு தொன்னுக்கு மேல் காபனீரொட்சைட்டு வானத்துக்குப் போகும். அதை எந்தத் தகடும் பிடிப்பதில்லை.

நம் நாட்டில் நிலக்கரியால் இயங்கும் பெரிய அனல் மின் நிலையம் புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலையில் இருக்கிறது. சீனக் கடனில் கட்டப்பட்ட அதன் முதல் அலகு 2011இல் திறக்கப்பட்டது. 2014இல் மூன்று அலகுகளும் சேர்ந்து 900 மெகாவாட் ஆனது. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தருகிறது. எரிபொருள் எண்ணெயில் கிடைக்கும் மின்சாரத்தைவிட மலிவாகவும் தருகிறது. இதை மறைத்துவிட்டு நிலக்கரி பற்றி எழுதுவதும் நேர்மையாகாது. ஆண்டுக்கு இருபது இலட்சம் தொன்னுக்கு மேல் நிலக்கரி கப்பலில் வர வேண்டும். தென்மேல் பருவக் காற்றில் அந்தக் கடல் கொந்தளிக்கும். ஆகவே ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான் இறக்க முடியும். கற்பிட்டிக் குடாநாட்டில் வெங்காயமும் மிளகாயும் நடுகிறவர்கள், காற்றுக் காலத்தில் இலைகளில் படியும் தூசியைப் பற்றிப் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகிறார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின் நிலையத்தில் ஏற்பட்ட கோளாறால் நாடே இருண்டபோது, நுரைச்சோலையின் மூன்று அலகுகளும் நின்றுபோயின. அவற்றை மீண்டும் இயக்க நாட்கள் எடுத்தன, அதுவரை மின்வெட்டு. ஒரே இடத்தில் இவ்வளவு பெரிய பங்கை வைப்பதன் விலை அதுவும்.

மின்சார சபைப் பொறியியலாளர்கள் பலர் நிலக்கரிக்கு ஆதரவாக வெளிப்படையாக வாதிட்டவர்கள். அவர்களுடைய கணக்கோடு நான் உடன்படுவதில்லை, ஆனாலும் மதிக்கிறேன். தங்கள் பெயரையும் பதவியையும் போட்டுப் பேசினார்கள். மறுத்துக் கேட்டால் பதில் சொல்லவும் அங்கே ஒருவர் இருந்தார்.

இப்போது சம்பூருக்கு வருகிறேன். பணம் வாங்கிய பதிவு எதைச் சொல்லாமல் விடும் என்பதை விளக்க எனக்கு அதைவிட நல்ல உதாரணம் தெரியாது. சம்பூர் நிலக்கரி மின் திட்டத்துக்கு யாரும் காசுக்கு எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படி எழுத அமர்த்தப்பட்டிருந்தால் எதைத் தவிர்த்திருக்க வேண்டும் என்றுதான் பார்க்கிறேன்.

திருகோணமலை மாவட்டத்தில், கொட்டியாரக்குடாவின் கரையில், மூதூருக்குக் கிழக்கே இருக்கிறது சம்பூர். 2006 ஏப்ரலில் குண்டுவீச்சு தொடங்கியதும் சம்பூர், கடற்கரைச்சேனை, கூனித்தீவு, சூடைக்குடா, இளக்கந்தை மக்கள் பத்திரகாளி அம்மனை விட்டுவிட்டு வெளியேறினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 29ஆம் திகதி, இந்தியாவின் தேசிய அனல் மின் கழகத்துடன் திருகோணமலையில் 500 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் கட்டுவதற்கான புரிந்துணர்வு உடன்படிக்கை கையெழுத்தானது. இடையில் எட்டே மாதங்கள். 2007இல் அந்த நிலப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான், மணற்சேனை முகாம்களில் மக்கள் தகரக் கொட்டில்களில் இருந்தபோது, அவர்களுடைய ஊரில் 500 ஏக்கருக்கு மேல் மின் நிலையத்துக்கு ஒதுக்கப்பட்டது. அதற்குப் புறம்பாக 818 ஏக்கர் தனியார் தொழிற்பேட்டை ஒன்றுக்குப் போனது. அந்த 818 ஏக்கருக்கான ஒதுக்கீட்டை 2015இல் அப்போதைய ஜனாதிபதி இரத்துச் செய்த பிறகே மக்கள் அங்கே திரும்பத் தொடங்கினார்கள்.

ஒன்பது ஆண்டுகள் ஆள் இல்லாமல் கிடந்த காணி பற்றைக்காடாகத்தான் இருக்கும். எருக்கலையும் நாயுருவியும் முளைத்து, கிணற்றுக் கட்டு இடிந்து, வேலி இருந்த இடமே தெரியாது. அதைப் படம் பிடித்து 'பயன்படாத நிலம்' என்று கீழே எழுதலாம். படம் பொய் சொல்லாது. அந்த நிலம் ஏன் அப்படி ஆனது என்ற கேள்வி மட்டும் படத்தில் இருக்காது. கூலி அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதற்குத்தான்.

சம்பூர் நிலக்கரித் திட்டம் நின்றது பெயரோடு பேசியவர்களால். ஊர் மக்கள் வீதியில் இறங்கினார்கள். சுற்றாடல் அமைப்பு ஒன்று உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2016 செப்டெம்பரில் அந்த இடத்தில் நிலக்கரி மின் நிலையம் கட்டப்படாது என்று அரசு தரப்பு நீதிமன்றத்தில் அறிவித்தது. இப்போது அங்கே இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து 120 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைக்கின்றன. 2025 ஏப்ரலில் கட்டுமானம் தொடங்கி வைக்கப்பட்டது. புகை போய்விட்டது. காணி யாருடையது என்ற கேள்வி சூரியத் தகடுகளுக்கும் உண்டு. மன்னாரில் காற்றாலைகளுக்கு எதிராக மக்கள் இருந்த போராட்டமும் அதே கேள்வியைத்தான் கேட்டது.

வங்காளதேசத்தில் முடிவு வேறு. அதே இந்தியக் கழகம் பங்காளியாக இருக்கும் ராம்பால் திட்டம் 1320 மெகாவாட் கொண்டது. சுந்தரவனக் காடுகளின் விளிம்பிலிருந்து ஏறத்தாழ 14 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. 2013இல் மக்கள் டாக்காவிலிருந்து நெடும்பயணம் நடந்தார்கள். 2016இல் யுனெஸ்கோ திட்டத்தைக் கைவிடவோ வேறிடத்துக்கு மாற்றவோ சொன்னது. இருந்தும் 2022இல் அது மின்சாரம் தரத் தொடங்கிவிட்டது.

யாழ்ப்பாணத்துக்கு மின் உற்பத்தியின் கழிவு புத்தகத்தில் படித்த விடயம் இல்லை. மல்லாகத்தில் என் மாமி வீட்டுக் கிணறு எனக்கு நினைவிருக்கிறது. 2014இன் பிற்பகுதி. வாளியை இழுத்து வைத்துவிட்டு மாமி குனிந்து மணந்து பார்த்தார். தண்ணீரின் மேல் மெல்லிய படலம். வெயில் பட்டதும் மயில்கழுத்து நிறங்கள் விரிந்தன. விரலால் தொட்டு, சேலைத் தலைப்பில் துடைத்து, "சைக்கிள் கடை மணக்கிறது" என்றார். அறுபது ஆண்டுகள் குடித்த தண்ணீர் அது. அன்றிலிருந்து வீதிக்கு வரும் தண்ணீர்ப் பவுசருக்காகப் பிளாஸ்ரிக் கலன்களை வரிசையாக வைத்துக் காத்திருந்தார். சுன்னாகத்தில் எரிபொருள் எண்ணெயில் மின்சாரம் எடுத்த இடத்தின் கழிவு எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்திருந்தது. எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல். துளைகளும் வெடிப்புகளும் நிறைந்தது. மேலே ஊற்றியதைக் கீழே தடுக்க ஒன்றும் இல்லை. வற்றாத ஆறும் எங்களுக்கு இல்லை, கிணறுதான் எல்லாம்.

அந்த நாட்களில் 'தண்ணீரில் ஒன்றும் இல்லை, குடிக்கலாம்' என்றும், 'குடித்தால் புற்றுநோய் வரும்' என்றும் பதிவுகள் மாறி மாறி வந்தன. யார் எதைத் தெரிந்து சொல்கிறார், யார் யாருக்காகச் சொல்கிறார் என்று பிரித்தறிய வழியே இருக்கவில்லை. மாமி எந்தப் பதிவையும் படிக்கவில்லை. ஆனால் அவருடைய பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து ஒவ்வொன்றாக வாசித்துத் தொலைபேசியில் ஒவ்வொரு நாளும் வேறு வேறு புத்தி சொன்னார்கள். பொதுநல வழக்கு உயர் நீதிமன்றத்தில் முடிய 2019 ஏப்ரல் ஆனது. தனியார் மின் உற்பத்தி நிறுவனம் இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும், பாதிக்கப்பட்டவர்களுக்கு அதிலிருந்து கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. நாற்பதாயிரம் ரூபாய்தான் ஒருவருக்கு உச்ச வரம்பு.

பணம் வாங்கி எழுதுவதைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 2009இலேயே, பணமோ பொருளோ பெற்று எழுதும் வலைப்பதிவர்கள் அதைச் சொல்ல வேண்டும் என்று வணிக ஆணைக்குழு வழிகாட்டி வெளியிட்டது. இந்தியாவில் 2021இல் விளம்பரத் தரநிலைக் குழுவும் 2023இல் அரசும் சமூக ஊடகப் பிரபலங்களுக்கு இதே விதியை வகுத்தன. இவை பெரும்பாலும் சவர்க்காரத்தையும் முகப்பூச்சையும் மனதில் வைத்தவை. ஒரு மின் திட்டத்தில் விற்கப்படும் பொருள் மக்களின் சம்மதம். அதற்குப் பணம் கொடுப்பதைச் சவர்க்கார விளம்பரத்தைவிடக் கடுமையாகப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நம் நாட்டில் வாசகர் கையில் வேறு இரண்டு கருவிகள் இருக்கின்றன. தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி ஒரு பெரிய திட்டத்தின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். கருத்துச் சொல்ல 30 நாட்கள் உண்டு. ஒரு திட்டத்தைப் புகழும் பதிவுகள் எப்போது பெருகுகின்றன என்று கவனிப்பவர்கள் அந்த 30 நாட்களை மறக்கக்கூடாது. மற்றது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். விளம்பரத்துக்கு எவ்வளவு செலவிட்டீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள் என்று ஒரு பொது நிறுவனத்திடம் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அரசுடன் ஒப்பந்தம் செய்து பொதுச் சேவையை நடத்தும் தனியார் நிறுவனமும், அந்தச் சேவையின் அளவுக்கு, இந்தச் சட்டத்துக்குள் வருகிறது. இதை அறிந்தவர்கள் இங்கே மிகக் குறைவு.

இவற்றையெல்லாம் அந்த இளைஞனுக்கு அன்று நான் சொல்லவில்லை. அவனுக்குக் கடை வாடகை கட்ட வேண்டும். தங்கையின் படிப்புச் செலவும் அவன் தலையில். 'வாங்காதே' என்று சொல்வது எனக்கு எளிது. அதனால் ஒன்றை மட்டும் கேட்கச் சொன்னேன். பதிவு போடத் தயார், ஆனால் கீழே 'இது பணம் பெற்று எழுதியது' என்ற வரியையும் பணம் தருபவரின் பெயரையும் சேர்ப்பேன், சம்மதமா என்று.

என் முன்னால் இருந்தே அதைத் தட்டச்சுச் செய்து அனுப்பினான். சற்று நேரத்தில் இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. மழை விடும்வரை திண்ணையில் இருந்தான், பிளேன்ரீ குடித்தோம். பதில் வரவில்லை. மறுநாள் காலையில் பார்த்தபோது, முகவரின் முந்தைய செய்தி, படத்தோடு சேர்த்து, அங்கிருந்து அழிக்கப்பட்டிருந்தது.